மாதக் கடைசிப் பசி

போர்ட் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை, வீடற்றோருக்கும் வறிய குடும்பங்களுக்கும் சோறு சேர்க்கும் தொண்டூழியர்கள் இருபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதும், நாம் இன்னும் கற்றுக்கொள்ளாததும்

சம்பளம் போட்ட வாரத்தில் யாரும் உணவு வங்கியைத் தேடுவதில்லை. வாடகை, தண்ணீர், மின்சாரம், மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளி பஸ் கட்டணம் எல்லாம் போக, மிஞ்சியதில் இரண்டு வாரம் ஓடும். இருபதாம் தேதி வாக்கில் அரிசிப் பை காலியாகும். அப்போதுதான் தொண்டூழியர்களின் கைப்பேசிக்கு, இந்த வாரம் சாமான் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிச் செய்தி வரும்.

நம் ஊர்களில் தர்மம் நடக்கும் நாள்கள் வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம் ஆதரவற்றோர் இல்லங்களின் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் அடுத்தடுத்து முளைக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் கூட்டம் அலைமோதும். அந்த நாள்களில் ஓர் ஆளுக்கு மூன்று இடத்தில் சோறு கிடைக்கும். அதே ஆளுக்கு அடுத்த மாதக் கடைசியில் ஒரு வேளைச் சோற்றுக்கும் வழி இராது.

கொடுக்கும் மனம் நமக்குக் குறைவில்லை. கொடுக்கும் நாள்தான் பசிக்கும் நாளோடு பொருந்துவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் உணவு வங்கிகளும் வீதியோர உணவுக் குழுக்களும் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவது, இந்த இரண்டையும் பொருத்தும் வேலையைத்தான்.

துறைமுகத்தின் நிழலில்

போர்ட் கிள்ளான் நாட்டின் மிகப் பெரிய துறைமுகம். 2023ல் மட்டும், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. 1901ல் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972ல் இன்றைய பெயரைப் பெற்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா கப்பல் ஏறிய நம் பாட்டன் பாட்டிமார் பலர் இந்த மண்ணில் முதன்முதலாகக் கால் பதித்த இடம் இதுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனதும், தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மறுபடி கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். வேலை இருக்கும்வரை சோறு, வேலை போனால் நடுத்தெரு என்ற கணக்கு இங்கே அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அதன் பிறகு வந்த மாற்றங்களும் அடித்தட்டு மக்களையே அடித்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களுக்குப் பதிலாகக் கொள்கலன்களும் பளுதூக்கிகளும் வந்தன. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. தோட்டம் கைமாறியபோது தொழிலாளி வேலையை மட்டும் இழக்கவில்லை. லயத்து வீடு, காய்கறி போட்ட கொல்லை, ஆடு மாடு, கோயில், அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் அண்டை வீடு எல்லாம் ஒரே நாளில் போயின. மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் முருங்கை வைக்க முடியாது. கோழி வளர்க்க முடியாது. தோட்டத்தில் காசில்லாமல் கிடைத்த கீரையைக்கூட இங்கே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த வறுமை வெகுகாலம் அரசாங்கக் கணக்கில் தென்படவே இல்லை. 2019 ஆகஸ்டில் மலேசியா வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். அப்போது ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 வெள்ளிக்குக் கீழே இருந்தால்தான் அது ஏழைக் குடும்பம். அந்தக் கணக்குப்படி வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. மறு ஆண்டு அரசாங்கம் இந்த வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தியது. 2019க்கான விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. ஏழைகள் ஓராண்டில் பெருகிவிடவில்லை. இருந்தவர்கள்தாம் கணக்கில் ஏறினார்கள். 2022ல் கோடு 2,589 வெள்ளியானது. 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், அந்தச் சம்பளம் தவறாமல் கைக்கு வந்தாலும் குடும்பம் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும்.

வீதியில் யார்?

போர்ட் கிள்ளானில் புறப்படும் கொமுட்டர் ரயில் கிள்ளான், ஷா ஆலம், சுபாங் ஜெயா வழியாக பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலைத் தொட்டு, அதற்கு மேலும் போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வறுமையைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பாதையோரமாகப் போனால் போதும். துறைமுகப் பக்கம் அன்றாடக் கூலிகள். நடுவில் அடுக்குமாடிக் குடும்பங்கள். தலைநகரில், கடை வரிசைகளின் ஐந்தடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுப்பவர்கள்.

வீதியில் படுப்பவர் எல்லாரும் சோம்பேறிகள், குடிகாரர்கள், போதைப் பித்தர்கள் என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. சோறு கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தொலைப்பது இந்த எண்ணத்தைத்தான். வீதியில் படுப்பவர்களில் கணிசமானோர் வேலை செய்கிறார்கள். உணவகத்தில் மங்கு கழுவுவது, சந்தையில் மூட்டை இறக்குவது, காவலாளி வேலை, சுமை லோரிக்கு உதவியாள் என்று நாள் கூலி. அறை வாடகைக்கு எடுக்க முன்பணம் கேட்பார்கள். நாள் கூலியில் அதைச் சேர்ப்பது கடினம். மனைவி பிள்ளைகளோடு மனத்தாங்கலாகி வெளியேறியவர்கள், சிறையிலிருந்து வந்து போக்கிடம் இல்லாதவர்கள், நோயால் வேலை இழந்தவர்கள், மனநலச் சிகிச்சை பாதியில் நின்றவர்கள், போதையிலிருந்து மீளப் போராடுகிறவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு.

சட்டம் இவர்களை வேறு விதமாகப் பார்க்கிறது. 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, வீதியில் திரிபவரை அதிகாரிகள் பிடித்துச் சென்று நல இல்லத்தில் வைக்கலாம். மறுவாழ்வுதான் நோக்கம் என்கிறது சட்டம். பிடிபட்டு ஏற்றப்படுகிறவருக்கோ அது கைதாகவே தெரிகிறது. சீருடையைக் கண்டதும் ஓடி ஒளிபவர், வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சோறோடு வந்து நிற்கும் தொண்டூழியரிடம் மட்டும் நாளடைவில் பெயரைச் சொல்கிறார்.

ஒரு தடை, ஒரு பாடம்

கோலாலம்பூரில் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது கடந்த இருபது ஆண்டுகளில்தான். பௌத்த அமைப்பான கெச்சாராவின் சூப் கிச்சன் 2006ல் தொடங்கியது. இனம், மதம் பாராமல் வீதிகளில் உணவுப் பொட்டலம் கொடுத்தது. முனிரா அப்துல் ஹமீது முன்னின்று தொடங்கிய பெர்த்திவி சூப் கிச்சன் 2010 முதல் வேனில் சோறு கொண்டுபோய், மாலையிலும் இரவிலும் குறித்த இடங்களில் நிற்கலாயிற்று. பிறகு டாப்புர் ஜாலானான் போன்ற இளைஞர் குழுக்கள் சேர்ந்தன. வெறும் சோற்றோடு நிற்காமல் முடிவெட்டு, புண்ணுக்குக் கட்டு, இரத்த அழுத்தப் பரிசோதனை என்று உதவிகள் விரிந்தன.

2014 ஜூலையில், நோன்பு மாதத்தில், ஒரு பெரிய சோதனை வந்தது. அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், தலைநகரின் மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அறிவித்தார். பிச்சை போடுபவருக்கும் அபராதம் என்றார்கள். குப்பை சேர்கிறது, சோம்பேறித்தனம் வளர்கிறது என்பது காரணம். பொதுமக்கள் கொதித்தெழுந்தார்கள்; சமூக ஊடகங்களில் கண்டனம் குவிந்தது. கடைசியில் தடை அறிவித்தபடி நிலைக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, பின்னாளில் ஜாலான் பகாங்கில் வீடற்றோருக்கான இடைத்தங்கல் மையம் வந்தது.

அந்தச் சண்டையில் தொண்டூழியர்கள் வென்றார்கள். ஆனாலும் அமைச்சர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்ததை அவர்களில் பலர் மறுக்கவில்லை. ஒரே இரவில் ஒரே தெருவுக்கு நான்கு குழுக்கள் வந்தால், இரண்டாவது பொட்டலம் பாதி தின்றபடி சாக்கடைக்குப் போகும். மூன்றாவது பிரிக்கப்படாமலே கிடக்கும். அடுத்த தெருவில் ஒருவர் பட்டினி கிடப்பார். அதனால்தான் யார் எந்தக் கிழமை, எந்தத் தெரு என்று குழுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கின. தர்மத்துக்கும் அட்டவணை வேண்டும் என்பது அந்தத் தெருக்களில் கற்ற பாடம்.

பொட்டலம் வேறு, கூடை வேறு

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் சோறு கொடுப்பதுதான். இறங்கிச் செய்கிறவர்களுக்கு இவை இரண்டு தனித் தொழில்.

வீதியில் இருப்பவருக்கு அடுப்பு கிடையாது, சட்டி கிடையாது, சாமான் வைக்க இடமும் கிடையாது. ஐந்து கிலோ அரிசி அவருக்குச் சுமை. அவருக்குச் சமைத்த சோறு வேண்டும். அதையும் யோசித்துச் சமைக்க வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு நம் வெயிலுக்கு நிற்காது, எளிதில் கெடும். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பொதுவான விதி. மாலை ஏழு மணிக்குக் கொடுக்க வேண்டுமானால் காலையிலேயே சமைத்து வைக்கக் கூடாது. மத்தியானம் தாண்டித்தான் உலை ஏற்ற வேண்டும். பல் போனவர்களுக்கு எலும்புத் துண்டு ஆகாது. மாட்டிறைச்சி சேர்ந்தால் இந்துக்கள் தொட மாட்டார்கள். ஹலால் இல்லாவிட்டால் முஸ்லிம்கள் தொட மாட்டார்கள். முட்டையும் காய்கறியும் போட்ட சோற்றில் இந்தச் சங்கடங்கள் குறைவு. கூடவே தண்ணீர்ப் போத்தல் ஒன்று அவசியம். சோற்றை வாங்கியவர் குடிக்க எங்கே போவார்?

அடுக்குமாடிக் குடும்பத்துக்கு வேண்டியது உலர் சாமான். கூடையில் வழக்கமாக இருப்பவை: ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட், கோதுமை மாவு, சீனி, உப்பு, பருப்பு, மீகூன், சார்டின் டின், முட்டை, பிஸ்கட், மைலோ அல்லது டின் பால். இதைக் கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கனமானது அடியில், முட்டை தனிக் கையில். சவர்க்காரத்தை அரிசியோடு ஒரே பையில் வைத்தால் சோறு முழுக்கச் சவர்க்கார வாடை அடிக்கும். காலாவதித் தேதியைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். நன்கொடையாக வரும் டின்களில் சில, வீட்டு அலமாரியில் இரண்டு வருடம் கிடந்து, சுத்தம் செய்யும்போது அகப்பட்டவை. தாம் சாப்பிடத் தயங்குவதை ஏழைக்குக் கொடுப்பது தர்மத்தில் சேராது.

கூடைக்குள் உலக அரசியலும் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் முதல் தேதி, மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலையை பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. கிலோ 2.60 வெள்ளிக்கு விற்க வேண்டிய உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து மாயமானது. அதே நன்கொடையில் பத்துக் கூடை கட்டிய குழுக்கள் கூடைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2.50 வெள்ளி உதவித்தொகை விலையில் கிடைக்கும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் ஒரே ஆள் மொத்தமாக வாங்க முடியாது. தொண்டூழியர்கள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

கூடையில் எது இல்லை என்பதும் கவலைக்குரியது. யுனிசெஃப் 2018ல் வெளியிட்ட ஆய்வு, தலைநகர வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களை ஆராய்ந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். 23 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள். பட்டினியும் பருமனும் ஒரே மாடிப் படியில் ஏறி இறங்குகின்றன. காரணம் புரியாததல்ல. காசு குறைந்தால் மீன், முட்டை, பழம் நிற்கும். வெறும் சோறும் மீயும் இனிப்பு நீரும் தொடரும். மாவும் சீனியும் உடனடி மீயும் மட்டும் நிறைந்த கூடை வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. அதனால் பால் மாவு, முட்டை, பருப்பு, காய்கறிக்கு இன்று பல குழுக்கள் முன்னுரிமை தருகின்றன. குழந்தை அணையாடையும் பெண்களுக்கான சானிட்டரி நாப்கினும் கூடையில் சேர வேண்டும் என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்ட பிறகே பலர் அறிந்தார்கள்.

வங்கிக்கு வரும் சரக்கு

உணவு வங்கியில் பணப் பெட்டி கிடையாது. ஒரு பக்கம் உணவு மிஞ்சுகிறது, மறு பக்கம் இல்லை. நடுவில் ஒரு கிடங்கு, ஒரு குளிர்சாதன லோரி, ஒரு பட்டியல். அவ்வளவுதான் உணவு வங்கி. மலேசியாவில் ஃபூட் எய்ட் ஃபவுண்டேஷன் 2013லும், சுசான் மூனி தொடங்கிய தி லாஸ்ட் ஃபூட் புரொஜெக்ட் 2016லும் இந்த வழியில் இறங்கின. பேரங்காடிகளும் உற்பத்தி நிறுவனங்களும் விற்காமல் ஒதுக்கும் நல்ல உணவை இவை சேகரித்து இல்லங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அனுப்புகின்றன. 2018 டிசம்பரில் அரசாங்கமே ஃபூட் பேங்க் மலேசியா திட்டத்தைத் தொடங்கியது.

மிஞ்சுவது கொஞ்சநஞ்சமல்ல. திடக்கழிவு நிர்வாகக் கழகத்தின் மதிப்பீட்டில், நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் சுமார் 4,000 டன் இன்னும் சாப்பிடத்தக்கது. 30 லட்சம் பேருக்கு மூன்று வேளை போடலாம்.

கடைக்காரர்களுக்கும் மண்டபக்காரர்களுக்கும் ஒரு பயம் இருந்தது. மிஞ்சிய சாப்பாட்டைக் கொடுத்து, யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் வழக்கு யார்மேல்? அதைவிடக் குப்பையில் கொட்டுவதே மேல் என்று நினைத்தார்கள். இந்தப் பயத்தைப் போக்கத்தான் 2020ல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. கொடுக்கும்போது உணவு பாதுகாப்பாக இருந்து, கொடுத்தவர் பக்கம் அலட்சியமோ கெட்ட எண்ணமோ இல்லாவிட்டால், பின்னால் ஏற்படும் பாதிப்புக்கு அவர்மேல் இழப்பீட்டு வழக்குப் பாயாது. இந்தச் சட்டம் வந்தது நம் கல்யாண மண்டபக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளைக் கொடியும் வெள்ளமும்

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிட்டவர்களுக்கு அன்றே அடுப்பு அணைந்தது. வீடற்றோரை அதிகாரிகள் மண்டபங்களில் தங்கவைத்தார்கள். அரசு சாரா அமைப்புகள் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று முதலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கட்டுப்பாடு தளர்ந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் கடைசியில், வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. உதவி வேண்டுவோர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். கெஞ்ச வேண்டாம், பாரம் நிரப்ப வேண்டாம். சரணடைவதன் அடையாளம் என்று சில அரசியல்வாதிகள் எள்ளி நகையாடினார்கள். மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடி தெரிந்த வீட்டுக்கு அரிசியும் முட்டையும் போய்ச் சேர்ந்தன. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் பசியை மறைத்த நடுத்தரக் குடும்பங்களும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன.

2021 டிசம்பர் 18ஆம் தேதி வாக்கில் வந்த வெள்ளம் இன்னொரு சோதனை. கிள்ளானை அடுத்த ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் சோறு தண்ணீரில்லாமல் காத்திருந்தார்கள். அரசாங்கப் படகுகளை எதிர்பார்க்காமல், சொந்தப் படகுகளோடும் கயாக்குகளோடும் தொண்டூழியர்கள் இறங்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியர்களோடு மற்ற இனத்தவரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பொட்டலங்களைக் கட்டினார்கள். அவ்வளவு விரைவில் எப்படி முடிந்தது என்றால், அங்கே லங்கர் என்னும் இலவசப் பொதுச் சமையலின் அடுப்பு எப்போதும் எரிகிறது. பெரிய பாத்திரம், பழகிய கை, பிரித்துக் கொடுக்கும் முறை எல்லாம் முன்னமே தயார். பேரிடர் நாளில் பெரிய அளவில் சமைக்க முடிந்தது, சாதாரண நாளில் தவறாமல் சமைத்ததால்.

நம் அடுப்புகள்

இதே மரபு நமக்கும் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867 மே 23ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பிரிக்பீல்ட்ஸ் நுண்கலை ஆலயத்தைச் சேர்ந்த அன்னலட்சுமி உணவகம், வேண்டியதைச் சாப்பிட்டு மனத்துக்குத் தோன்றியதைக் கொடுங்கள் என்ற கொள்கையில் வளர்ந்தது. கிள்ளான், போர்ட் கிள்ளான் ஆலயங்களில் மடப்பள்ளி உண்டு. அண்டா குண்டா உண்டு. நூறு பேருக்குச் சமைக்கும் கைகள் உண்டு. விசேஷம் இல்லாத நாளில் அவை சும்மா கிடக்கின்றன.

ஒவ்வோர் ஆலயமும் மாதத்தின் மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒரு நாள் அடுப்பை மூட்டினால் என்ன? நான்கு ஆலயங்கள் கிழமை பிரித்துக்கொண்டால் அந்த வட்டாரத்தில் மாதக் கடைசிப் பட்டினி பாதி தீரும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சங்கம் வேண்டாம். நிர்வாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும். அதுதான் கடினம் என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது.

காசும் கணக்கும்

தொண்டூழியர்கள் பணம் திரட்டும் வழிகள் நாம் பார்த்துப் பழகியவை: நன்கொடை விருந்து, உணவுக் கூப்பன், நெடுநடை, பிறந்தநாளுக்குக் கேக்குக்குப் பதில் கூடை. ஆனாலும் பொருள் வரும் அளவுக்குக் காசு எளிதாக வருவதில்லை. அரிசி கொடுப்பவருக்குத் தான் கொடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது. லோரி டீசல், கிடங்கு வாடகை, குளிர்பெட்டி மின்கட்டணம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவை இல்லாவிட்டால் அரிசி கிடங்கிலேயே வண்டு விழும்.

கொடுப்பவரும் கணக்குக் கேட்க வேண்டும். சங்கப் பதிவு உண்டா, ஆண்டுக் கணக்கு வெளியிடுகிறார்களா, பணம் தனியார் பெயரில் போகிறதா, அமைப்பின் பெயரில் போகிறதா என்று பார்த்துக் கொடுப்பதில் தவறில்லை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் வரிக்கழிவும் உண்டு.

படம் எடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். கூடையைப் பிடித்தபடி தலை குனிந்து நிற்கும் தாயின் படம் நன்கொடை கொண்டுவரலாம். அவருடைய மகள் மறுநாள் அதே தாமான் பள்ளிக்குத்தான் போகிறாள். சாமானை மட்டும் படம் எடுத்தாலும் கணக்குச் சரியாகவே இருக்கும்.

சோற்றுக்குப் பிறகு

சோறு முதல் படிதான். வீதியில் இருப்பவரின் அடையாள அட்டை தொலைந்து கிடக்கும். மாற்று அட்டைக்கு, திருட்டுப் போனதாகக் காவல் நிலையப் புகார் போன்ற விலக்கு இல்லாவிட்டால், 100 வெள்ளி அபராதத்தில் தொடங்கும்; மறுபடி தொலைத்தால் ஏறும். 2025 ஆகஸ்டு இறுதி முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அரசாங்கம் 100 வெள்ளிக்கு மளிகை வாங்கும் உதவி தந்தது. அதை வாங்க அடையாள அட்டையைத்தான் நீட்ட வேண்டும். அட்டை இல்லாதவருக்கு வேலையும் இல்லை, வாடகை அறையும் இல்லை. மிகவும் தேவைப்பட்டவரே உதவிக்கு வெளியே நின்றார். பிறப்புப் பத்திரமே இல்லாத தோட்டத்துத் தமிழர்களின் நிலை இன்னும் மோசம்.

அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் சோற்றோடு பாரமும் கொண்டு போகின்றன. பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போவது, மருத்துவமனையில் பக்கத்தில் உட்காருவது, வேலைக்குப் பரிந்துரைப்பது, முதல் மாத அறை வாடகையைக் கட்டுவது எல்லாம் அவர்கள் வேலையில் சேர்ந்துவிட்டன. இவற்றைப் படம் பிடிக்க முடியாது. முடிய மாதக் கணக்கு ஆகும். ஆனால் ஒருவரை வீதியிலிருந்து நிரந்தரமாக விடுவிப்பது இதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வட்டாரத்தில் பதிவு பெற்று இயங்கும் ஒரு குழுவைத் தேடிப் பிடியுங்கள். கொடுப்பதற்கு முன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அரிசி நிறைய இருக்கும் இடத்தில் பால் மாவு இல்லாமலிருக்கலாம். பொருளோ பணமோ, மாதத்தின் இருபதாம் தேதிக்கு முன் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். காசில்லாதவர் நேரத்தைக் கொடுக்கலாம். கார் உள்ளவர் கூடையை மாடி ஏற்றலாம். வழக்கறிஞரும் ஆசிரியரும் பாரம் நிரப்பித் தரலாம். கல்யாணம் வைத்திருப்பவர்கள், மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப்போக யார் வருவார்கள் என்று மண்டபக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆலய நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் மாதக் கடைசி அன்னதானத்தை ஒரு பொருளாக வையுங்கள்.

தீபாவளிக்கு ஒருமுறை 240 வெள்ளி கொடுப்பவரை உணவு வங்கி நன்றியோடு நினைக்கும். மாதந்தோறும் தவறாமல் 20 வெள்ளி அனுப்புபவரை நம்பித்தான் அது அடுத்த மாதத்துக்கு அரிசி வாங்க முடியும். இரண்டாமவராக இருங்கள்.